ஒரே சார்ஜர், ஒரு சட்டம்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்குக் கைப்பேசி சார்ஜரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு கம்பெனி எடுக்கும் முடிவில் அரசாங்கம் எங்கே தலையிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் கைப்பேசி, டேப்லெட், கேமரா போன்றவற்றில், கேபிள் வழியே சார்ஜ் செய்ய முடியுமென்றால் டைப்-சி போர்ட், அதாவது கேபிளை எந்தப் பக்கம் சொருகினாலும் போகும் துளை, இருந்தாக வேண்டும். மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தார்கள். போனில் எந்தப் போர்ட் வைப்பது என்பதையுமா அரசாங்கம் சொல்ல வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அதற்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். 2009-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கம்பெனிகளை அழைத்துப் பேசியது. எல்லோரும் மைக்ரோ யூஎஸ்பி என்ற பழைய வகைப் போர்ட்டுக்கு வருகிறோம் என்று தாங்களாகவே கையெழுத்துப் போட்டார்கள். ஆப்பிளும் போட்டது. ஆனால் போர்ட்டை மாற்றாமல், தனியாக ஓர் அடாப்டர் கொடுத்தாலும் போதும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே வழி இருந்தது. 2012-ல் ஐபோன் 5 லைட்னிங் என்ற தனிப் போர்ட்டோடு வந்தது. வேறு கம்பெனி அதற்குக் கேபிள் செய்ய வேண்டுமென்றால் ஆப்பிளிடம் உரிமம் வாங்க வேண்டும். அதே ஆப்பிள் 2018-ல் ஐபேட் ப்ரோவை டைப்-சிக்கு மாற்றிவிட்டது. அதாவது, மாற்ற முடியும் என்பது அவர்களுக்கே தெரியும். போன் மட்டும் மாறவில்லை. 2022 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த வருடமே ஐபோன் 15 டைப்-சியோடு வந்தது. தானாக வருவார்கள் என்று 13 வருடம் காத்திருந்து பார்த்தாகிவிட்டது. இனியும் காத்திருக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. 2020-ல் ஐபோன் 12 வந்தபோது சுற்றுச்சூழலைக் காரணம் காட்டிப் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டார்கள். பெட்டியில் வைத்த கேபிளில் சார்ஜர் பக்கம் சொருகும் முனையோ டைப்-சி. வீட்டில் இருக்கும் பழைய சார்ஜரில் அது சேராது. பிரேசில் அரசு 2022-ல் அபராதம் போட்டு, சார்ஜர் இல்லாத ஐபோன் விற்கக் கூடாது என்றது. குப்பையைக் குறைப்பது நல்ல நோக்கம்தான். முதலில் போர்ட்டை ஒன்றாக்கி, பிறகு சார்ஜரை எடுத்திருந்தால் நானே வரவேற்றிருப்பேன்.

சட்டம் போட்டால் தொழில்நுட்பம் அப்படியே உறைந்துவிடும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். 2009-லேயே சட்டம் வந்திருந்தால் இன்னும் மைக்ரோ யூஎஸ்பியோடுதானே இருந்திருப்போம் என்கிறார்கள். அந்த பயத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அதனால்தான், தரம் முன்னேறும்போது விதியைத் திருத்தும் அதிகாரத்தைச் சட்டத்துக்குள்ளேயே ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் காலத்தோடு பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

சரி, நம்மூருக்கு வருவோம். 2023 தொடக்கத்தில் இந்திய தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கான தரத்தை வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் என் கவலை பட்டன் போன் வைத்திருப்பவர்களைப் பற்றியது. அந்த போன்களில் இன்னும் நிறைய மைக்ரோ யூஎஸ்பிதான். அதன் முனை ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். கண் மங்கிய பாட்டி இருட்டில் தடவித் தடவிச் சொருகுவார். தலைகீழாக அழுத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய நாக்கு வளையும். கொஞ்ச நாளில் கேபிளைச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். கடையில் கொடுத்தால், “சார்ஜிங் பின் போச்சு, மாத்தணும்” என்பார்கள். எந்தப் பக்கம் சொருகினாலும் போகும் டைப்-சி, விலை உயர்ந்த போன் வைத்திருப்பவரைவிட அந்தப் பாட்டிக்குத்தான் அவசியம். விதி எதுவானாலும் மலிவான போன்களிலிருந்து தொடங்க வேண்டும்.

கூடவே இன்னொன்று. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் டைப்-சி கேபிள்களில் ஒன்று வேகமாக ஏற்றும், ஒன்று மெதுவாக ஏற்றும். சில கேபிள்களில் படம், கோப்பு எதுவும் போகாது, சார்ஜ் மட்டும்தான். போனுக்கு எத்தனை வாட் வேண்டும் என்று பெட்டியின் மேலேயே போட வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. இங்கே தெருவோரக் கடையில் தொங்கும் கேபிளிலும் அது எத்தனை வாட் தாங்கும் என்பதைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சிடச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.