‘ஹெவி டியூட்டி’ ஸ்டிக்கரைப் பாத்து லெதர் மெஷின் வாங்காதீங்க

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புலதான் உக்காந்திருக்கேன். ஒரு ரீல் சுத்திட்டு இருக்கு, நீங்களும் பாத்திருப்பீங்க. வீட்டுல வைக்கிற சின்னத் தையல் மெஷின், முன்னாடி பெருசா ‘ஹெவி டியூட்டி’ன்னு ஸ்டிக்கர். எட்டு மடிப்பு ஜீன்ஸை வச்சு டர்ருன்னு ஓட்டுறாங்க. கடைசி ரெண்டு செகண்ட்ல ஒரு தோல் துண்டையும் ஓட்டிக் காட்டுறாங்க. போன வீடியோவுக்குக் கீழ பாதி கமெண்ட் இதேதான். “அண்ணா, இதை வாங்கி பர்ஸ், பேக் எல்லாம் தைக்கலாமா?”

வேண்டாம். வாங்காதீங்க.

அந்த ரீலை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க. தோலைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டவே மாட்டாங்க. மேல தையல் அழகா இருக்கும், கீழ நூல் வளையம் வளையமா தொங்கும். ஓட்டுற துண்டும் ஒரு சாண் நீளத்துக்கு மேல இருக்காது. நீளமா ஓட்டினா ரெண்டு தோலும் ஒன்னை விட்டு ஒன்னு நகர்ந்துடும், அது கேமராவுல தெரிஞ்சிடும்ல.

ஏன் நகருது? சாதா மெஷின்ல துணியைத் தள்ளுறது அடியில இருக்கிற பல்லு மட்டும்தான். மேல ஃபுட் சும்மா அழுத்திட்டு நிக்கும். துணி வழுக்கிட்டுப் போயிடும். தோல் வழுக்காது, ஃபுட்டோட ஒட்டிக்கும். கீழ் தோல் முன்னேறும், மேல் தோல் பின்தங்கும். பர்ஸோட ஒரு ஓரத்தைத் தச்சு முடிக்கும்போது மூலையில ரெண்டு மூனு மில்லி தள்ளி நிக்கும். துணியா இருந்தா பிரிச்சுட்டு மறுபடி தைக்கலாம். தோல்ல ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான், மூடாது.

அதனால மோட்டார் எத்தனை வாட்ஸ், உள்ள இரும்பு எத்தனை கிலோன்னு கேக்கிறதுக்கு முன்னாடி ஃபீட் என்னன்னு, அதாவது மெஷின் தோலை எப்படி நகர்த்துதுன்னு கேளுங்க. உங்களுக்கு வேண்டியது காம்பவுண்ட் ஃபீட். அடியில பல்லு, மேல ஃபுட், நடுவுல ஊசி, மூனும் சேந்து தோலைப் பிடிச்சு நகர்த்தும். கடைக்காரர் சொல்றதை நம்ப வேண்டாம், கண்ணால பாத்துடலாம். ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு, ஒரு தோல் துண்டை வச்சு, ஹேண்ட் வீலைக் கையால மெதுவா சுத்துங்க. ஊசி தோலுக்குள்ள இறங்கின நிலையில அப்படியே பின்னாடி நடக்குதா, கூடவே ஃபுட்டும் நடக்குதான்னு பாருங்க. ரெண்டும் நடந்தா காம்பவுண்ட். ஊசி ஒரே இடத்துல ஏறி இறங்கி, தோல் மட்டும் நகர்ந்தா அது வேற ஜாதி மெஷின். வீட்டு மெஷின்ல மாட்டுறதுக்கு ‘வாக்கிங் ஃபுட்’டுன்னு தனியா ஒரு ஃபுட் விப்பாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது, பேரைக் கேட்டு ஏமாறாதீங்க.

மாடல் பேர் கேட்டீங்கன்னா, ஜூக்கி டிஎன்யூ-1541. இல்ல அதே டிசைன்ல வர்ற சைனா மெஷின். ‘எஸ்’னு முடியுற 1541எஸ்ல ஒரு சேஃப்டி கிளட்ச் இருக்கும். நூல் சிக்கினா, அடியில மேல்நூலைப் பிடிக்கிற ஹூக் தானா விடுபட்டுடும், ஊசியும் ஹூக்கும் சந்திக்கிற டைமிங் கெடாது. புதுசா பழகுறவங்களுக்கு நூல் சிக்காம இருக்கவே இருக்காது, அதனால கிடைச்சா ‘எஸ்’ எடுங்க. பர்ஸ், ஹேண்ட்பேக், டோட் பேக் எல்லாம் இதுல முடியும். ரெண்டு பெல்ட் தோலை ஒன்னு மேல ஒன்னு ஒட்டி எட்டு மில்லி தடிமன்ல தைக்கணும், குதிரைச் சேணம் தைக்கணும்னா 441 கிளாஸ் மெஷின். அது வேற உலகம், வேற விலை.

கருப்புல தங்கக் கலர் பூ போட்ட கைச்சுத்து மெஷின், சைனா பேட்சர், அதையும் கேக்குறீங்க. செருப்பு, ஷூ ரிப்பேருக்கு நல்ல சாமான், ஃபுட் எந்தப் பக்கமும் திரும்பும். பர்ஸ் தைக்க எனக்கு அது சுத்தமா பிடிக்காது. அடிநூல் சுத்துற பாபின் சின்னது, ஃபுட் தடம் தோல்ல அப்படியே பதியும். இதுக்கு மேல அதைப் பத்திப் பேச மாட்டேன்.

இப்ப என் சந்தோஷத்துக்கு வர்றேன். புல்லி! மோட்டார்ல பெல்ட் ஓடுற சக்கரம், அந்த மோட்டார் புல்லியை மாத்தியாச்சு மக்களே. போன வீடியோவுல மெஷின் எப்படிப் பறந்துச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல? இப்பப் பாருங்க... டிக்... டிக்... டிக். ஒவ்வொரு தையலா எண்ணலாம். இந்த 45 மில்லி அலுமினியப் புல்லி ஒரு மட்டன் பிரியாணி காசு கூட இல்ல. இதே வேலைக்கு ஸ்பீட் ரெட்யூசர்னு ஒரு பெட்டி விக்கிறாங்க, ஆயிரக்கணக்குல சொல்றாங்க.

கணக்கு இதுதான். மோட்டார் புல்லி விட்டத்தை ஹேண்ட் வீல் புல்லி விட்டத்தால வகுத்து, மோட்டார் ஸ்பீடால பெருக்குங்க. ஹேண்ட் வீல் பக்கம் 90 மில்லின்னு வைங்க. பழைய கிளட்ச் மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுத்து, புல்லி 75 மில்லி. வர்றது நிமிஷத்துக்கு 1200 தையல், அதாவது செகண்டுக்கு 20. மூலையில எப்படிய்யா நிறுத்துவீங்க? அதனால முதல்ல கிளட்ச் மோட்டாரைத் தூக்கிட்டு, ஸ்பீடைக் குறைச்சு வச்சுக்கிற சர்வோ மோட்டார். நிமிஷத்துக்கு 200 சுத்துல ஓடுற சர்வோ, அதே 75 புல்லியில 167 தையல் தரும். 45 புல்லியில சரியா 100. ஸ்பீடு குறையிற அளவுக்கு இழுவை ஏறும், 75க்கு 45 மாத்தினா ஒன்றரை மடங்குக்கு மேல. தடிச்ச மூலையில மோட்டார் முக்கிட்டு நிக்கிறது போயிடும்.

வாங்கப் போகும்போது மோட்டார் ஷாஃப்ட் தடிமனை வெர்னியர்ல அளந்துட்டுப் போங்க. என்னோடது 15 மில்லி, எல்லா மோட்டாரும் அப்படி இருக்காது. புல்லி வழுக்காம பூட்டுற சாவிப் பள்ளம் ஷாஃப்ட்ல இருக்கான்னும் பாருங்க. மாட்டினப்புறம் ரெண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், இல்லேன்னா பெல்ட் ஓரம் தேஞ்சு கருப்புப் பொடி கொட்டும். ஆங், பெல்ட்! புல்லி சின்னதானா பழைய பெல்ட் தொளதொளன்னு ஆயிடும். 75லேருந்து 45க்கு வந்தா கிட்டத்தட்ட 47 மில்லி மிச்சமாகும். மோட்டாரைக் கீழ இறக்க இடம் இருந்தா சமாளிக்கலாம், இல்லேன்னா ரெண்டு இஞ்ச் சின்ன பெல்ட் கேட்டு வாங்குங்க. நடுவுல விரலால அழுத்தினா ஒரு சென்டிமீட்டர் உள்ள போகணும், அதுதான் சரியான டைட். பெல்ட் கவரைத் திரும்ப மாட்டிட்டுத்தான் ஸ்விட்ச் போடணும், விரல் முக்கியம்.

சரி, புல்லி போதும். ஊசிக்கு வரலாம்.

1541க்கு ஊசி சிஸ்டம் 135×17, அது துணி முனை. அதே நீளத்துல தோல் முனை வேணும்னா 135×16. தோல் முனைன்னா நுனி கத்தி மாதிரி வெட்டிட்டுப் போகும், தையல் சுத்தமா விழும். ஆனா பேக் பட்டைக்கு நைலான் நாடா, கேன்வாஸ் லைனிங் இதெல்லாம் தைக்கும்போது தோல் முனை போடாதீங்க, இழையை அறுத்துடும். 

நூல் பாண்டட் நைலான், அதாவது இழை பிரியாம ஒட்டின நைலான் நூல். பர்ஸுக்கு 69 நம்பர் நூல், 18 ஊசி. ஹேண்ட்பேக்குக்கு 92 நூல், 19 இல்ல 20 ஊசி. பட்டை, கைப்பிடிக்கு 138 நூல், 22 இல்ல 23 ஊசி. ஊசி சின்னதாப் போட்டா நூல் முடிச்சு தோல் நடுவுல போய் உக்காராது, அடியில புள்ளி புள்ளியா தெரியும். நீங்க டென்ஷனை, அதான் நூலை இறுக்குற திருகை, திருகித் திருகி மெஷினைத் திட்டுவீங்க. முதல்ல ஊசியை ஒரு நம்பர் ஏத்திப் பாருங்க. அப்புறமும் அடியில மேல்நூல் தெரிஞ்சா மேல் டென்ஷனைக் கால் சுத்து டைட் பண்ணுங்க. மேல பாபின் நூல் எட்டிப் பாத்தா கால் சுத்து லூஸ். கால் சுத்துதான், அதுக்கு மேல ஒரே தடவையில போகாதீங்க.

தையல் தாவுது, நடுநடுவுல விழாம போகுதுன்னு நிறைய பேர் எழுதுறீங்க. ஊசி மேல ஏறும்போது தோல் ஊசியைக் கவ்விட்டுக் கூடவே எழும்பினா அடியில வளையம் உருவாகாது, ஹூக் எதைப் பிடிக்கும்? ஃபுட் பிரஷரைக் கொஞ்சம் ஏத்துங்க. ஊசியை நீங்களே மாத்தியிருந்தா திசையைப் பாருங்க. நீளப் பள்ளம் நூல் கோக்கிற பக்கம், சின்னக் குழி ஹூக் பக்கம். மூனாவது, பசை. சொல்யூஷனை ரெண்டு பக்கமும் தடவி, விரல் வச்சா ஒட்டாத அளவுக்குக் காஞ்சப்புறம்தான் சேக்கணும். ஈரத்தோட தச்சா ஊசியில பிசின் கட்டும், அங்கேருந்து தையல் தாவ ஆரம்பிக்கும். டபுள் டேப்பும் அப்படித்தான். டேப்பை ஓரத்தோட ஒட்டுங்க, தையல் கோடு அது மேல போகக் கூடாது.

தையல் நீளம் 3.5லேருந்து 4 மில்லி வைங்க. நெருக்கமா போட்டா பலம்னு நினைக்காதீங்க, தோல்ல ஓட்டை நெருங்கினா அந்தக் கோட்டுலயே கிழியும். ஆரம்பிக்கும்போது ரெண்டு நூல் வாலையும் மூனு தையல் வரைக்கும் பிடிச்சுக்கோங்க, இல்லேன்னா அடியில குருவிக்கூடுதான். மூலையில திரும்ப, ஊசி முழுசா கீழ போய் ஒரு முடி அளவு மேல ஏற ஆரம்பிச்சதும் நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கித் திருப்புங்க. ஹூக் வளையத்தைப் பிடிச்சிருக்கும், தாவாது. முடிவுல ரெண்டு தையல் பின்னாடி வரணும், அதை ஹேண்ட் வீலால மட்டும், பழைய ஓட்டையிலயே இறக்குங்க. தோல் முனை ஊசி அங்க ஏற்கனவே இருக்கிற நூலை அறுக்க வாய்ப்பிருக்கு, மெதுவா. மேல்நூலை அடிப்பக்கம் இழுத்து, ரெண்டு மில்லி விட்டு வெட்டி, லைட்டர்ல லேசா காட்டுங்க. நைலான் உருகி மொட்டாயிடும்.

அய்யோ, தடிமன் சொல்லாம விட்டுட்டேன் பாருங்க, அதுதான் முதல்ல சொல்லியிருக்கணும். பர்ஸ் வெளித்தோல் 1லேருந்து 1.2 மில்லி, உள் பாக்கெட் 0.6லேருந்து 0.8. பேக்குக்கு 1.8லேருந்து 2.2. பெல்ட்டுக்கு 3.5க்குக் குறையாம. பாக்கெட் ஓரமெல்லாம் சேர்ற இடத்தை ஸ்கைவ் பண்ணி, அதாவது கத்தியால சீவி, பாதித் தடிமனாக்கலைன்னா எந்த மெஷினும் மேடேறும்போது தையல் நீளத்தைக் குறைச்சிடும். பேக் பட்டையைத் தோலோட முதுகெலும்புக் கோட்டுக்கு இணையா வெட்டுங்க. வயித்துப் பக்கம் வெட்டினா ரெண்டு மாசத்துல இழுபட்டுத் தொங்கும்.

சென்னையில பெரியமேடு தோல் கடைகளுக்குப் போறவங்க இன்னொன்னு கவனிங்க. தோல் பின்னாடி 22ன்னு எழுதி, அதோட தலையில சின்னதா 3 போட்டிருப்பாங்க. 22.3 சதுரடின்னு படிக்காதீங்க, அது 22 முக்கால். தலையில இருக்கிறது கால் சதுரடிக் கணக்கு. ஓரத்தை வெட்டிப் பாத்து நடுவுல நீலச் சாம்பல் தெரிஞ்சா அது குரோமியம் உப்புல பதனிட்ட குரோம் தோல், எட்ஜ் பெயின்ட் அடிச்சாத்தான் ஓரம் நிக்கும். முழுக்கப் பழுப்பா இருந்தா மரப்பட்டை போட்டுப் பதனிட்டது. நம்ம ஊர்ல ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஈஸ்ட் இந்தியா லெதர், 2008ல புவிசார் குறியீடு வாங்கினது, இந்த வகைதான். தண்ணி தொட்டுத் தேச்சாலே ஓரம் பளபளன்னு வரும். ஈரமா இருக்கும்போது இரும்பு படக்கூடாது, கருப்புக் கறை விழும், போகவே போகாது. ஃபுட் தடமும் இதுல அழியாது. பல்லு இல்லாத வழுவழு ஃபுட் மாத்திக்கோங்க.

மெஷின் பாக்கப் போகும்போது கடைக்காரர் குடுக்கிற துண்டுல ஓட்டிப் பாக்காதீங்க. நீங்க தைக்கப்போற தோலை, தைக்கப்போற அடுக்குல ஒட்டி, உங்க நூலோட எடுத்துட்டுப் போங்க. ஒரு அடி நீளம் நேரா, நாலு மூலை, ரெண்டு அடுக்கிலேருந்து நாலு அடுக்குக்கு ஏறுற ஒரு மேடு. ஓட்டிட்டுத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. மெஷின் வர்ற வரைக்கும் கையில சேடில் ஸ்டிட்ச், அதாவது ஒரே நூலோட ரெண்டு முனையிலயும் ஊசி கோத்துத் தைக்கிறதைப் பழகுங்க, தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் வெட்டிக்கோங்க. அதுக்கு ஏற்கனவே தனி வீடியோ இருக்கு.

அடுத்தது ஸ்கைவிங். கத்தி தீட்டுற கல்லு எது வேணும்னு கீழ சண்டை போட்டு வைங்க, வந்து தீத்து வைக்கிறேன்.