கடைசி அத்தியாயத்து வாக்குமூலம்

துப்பறியும் கதை எழுத ஆசைப்பட்டு வந்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் மாத நாவல்கள் பலவற்றில் கடைசி அத்தியாயம் ஒரே மாதிரி இருக்கிறது. இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டுகிறார்; குற்றவாளி இரண்டு பக்கத்துக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான். எனக்கு இது அறவே பிடிப்பதில்லை. முதல் பக்கத்திலிருந்து கூடவே யோசித்து வந்த வாசகருக்கு நாம் தரும் மரியாதை இதுவா?

சட்டமும் இதை ஏற்பதில்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், கொடுத்தவருக்கு எதிராகக் கோர்ட்டில் செல்லாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இது 25-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் 23-ஆவது பிரிவு. அடித்து வாங்கிய பேச்சை வைத்து யாரையும் தண்டித்துவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம். மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால் செல்லும். அங்கேயும், "சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகவே பயன்படலாம்" என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கதைக்காரர்கள் விடவே கூடாது. கஸ்டடியில் இருப்பவன் சொன்ன தகவலால் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேராகத் தொடர்புள்ள பேச்சு மட்டும் செல்லும். "கத்தியைக் கூவம் பாலத்துக்குக் கீழே போட்டு வைத்திருக்கிறேன், அதால்தான் குத்தினேன்" என்கிறான். கத்தியும் கிடைக்கிறது. முதல் பாதி நிற்கும், இரண்டாம் பாதி நிற்காது. கத்தி இருக்கும் இடம் தெரிந்தவன்தான் குத்தியவனா? வேறொருவன் கொடுத்து ஒளிக்கச் சொல்லியிருந்தால்? ஒரு முழு நாவலுக்கு இந்தக் கேள்வி போதும். உங்கள் இன்ஸ்பெக்டர் அந்த இடைவெளியை வேறு சாட்சியங்களால் நிரப்பட்டும். அந்த உழைப்பைப் படிக்கத்தான் வாசகர் வருகிறார்.

சரி, சாட்சியத்துக்கு எங்கே போவது? சென்னையிலேயே கொட்டிக் கிடக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மே மாதம் நடந்த கொலைக்கு, "அன்றைக்கு ராத்திரி காசிமேட்டிலிருந்து விசைப்படகில் மீன்பிடிக்கப் போயிருந்தேன்" என்று ஒருவன் சொன்னால் அங்கேயே மாட்டிக்கொண்டான். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் 'விசைப்படகு' என்ற சொல் அவன் வாயிலிருந்தே வர வேண்டும். இதைக் கோட்டைவிட்டால் கதை ஓட்டை.

அப்புறம், தடைக்காலத்தைப் பற்றி வாசகருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பாடம் நடத்த வேண்டாம். இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் அம்மா வஞ்சிரம் விற்கிற விலையைப் பார்த்து அலுத்துக்கொள்ளட்டும். "போட் கடலுக்குப் போறதில்லையேம்மா, ஜூன் பாதி வரைக்கும் இப்படித்தான்" என்று மீன்காரம்மா சொல்லட்டும். உடனே பேச்சு பையன் ஸ்கூல் ஃபீஸுக்குப் போய்விட வேண்டும்.

எழுதி முடித்ததும் காசிமேட்டுக்காரர் ஒருவரிடமும், மீன் வாசனையே படாத ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். முதலாமவர் பாதியிலேயே பொய்யைப் பிடித்துவிட்டால் கவலை வேண்டாம். இரண்டாமவர் முடிவைப் படித்ததும் பக்கங்களைப் பின்னால் தள்ளி அந்த மீன்காரம்மாவைத் தேடுகிறாரா என்று பாருங்கள். தேடவில்லை என்றால் இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதுங்கள்.