பேரிங் பில் மூன்று இருந்தால் அந்தக் காரை வாங்கலாமா?

வணக்கம் நேயர்களே. பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள். பெயிண்ட் நன்றாக இருக்கிறது, இன்ஜினும் பரவாயில்லை, ஆனால் சர்வீஸ் பில்களைப் புரட்டினால் வீல் பேரிங் (இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருண்டு, சக்கரத்தை லேசாகச் சுழல வைக்கும் பாகம்) மாற்றியது மட்டும் மூன்று தடவை வருகிறது. சிலர் "ராசியில்லாத வண்டி" என்று அப்படியே திரும்பிவிடுவார்கள். சிலர் "அதான் புதுசு போட்டாச்சே" என்று முன்பணம் கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே அவசரம். எத்தனை தடவை போனது என்பதைவிட எந்தச் சக்கரத்தில் போனது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒழுங்காக மாட்டிய வீல் பேரிங் சாதாரணமாக ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் உழைக்கும். அது 10,000, 15,000 கிலோமீட்டரிலேயே அதே சக்கரத்தில் மறுபடி போகிறது என்றால், காரைவிட அதை மாட்டிய கையின் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும். நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பகுதி) பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். பிரஸ் (அழுத்தி ஏற்றும் இயந்திரம்) இல்லாமல் சுத்தியலால் தட்டியோ, உள் வளையத்தைப் பிடித்து அழுத்தியோ ஏற்றினால், அந்த விசை முழுக்க நடுவிலிருக்கும் குண்டுகள் வழியாகப் போய், அவை உருளும் பாதையில் கண்ணுக்கே தெரியாத பள்ளங்களை உண்டாக்கிவிடும். பேரிங் புதுசுதான், ஒரிஜினல்தான், ஆனால் மாட்டும்போதே பாதி ஆயுசு போய்விட்டது. ஆக்ஸில் நட்டும் அப்படித்தான். கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்து முடுக்க வேண்டும், பல கார்களில் பழைய நட்டைத் திரும்பப் போடவே கூடாது, ஆனால் கைக்கணக்கில் முடுக்கி அனுப்புகிற இடங்கள் நிறைய. மாட்டியதிலும் குறை இல்லை என்றால், எப்போதோ பலமாக இடித்ததில் ஹப்போ (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) நக்கிளோ லேசாக வளைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எத்தனை பேரிங் போட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

இதெல்லாம் ஒரு மூலையோடு முடிகிற விஷயம். நல்ல மெக்கானிக் கிடைத்தால் தீர்ந்துவிடும். இன்ஜினைப் பற்றியோ கியர்பாக்ஸைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை.

கொஞ்ச காலத்துக்குள் வெவ்வேறு சக்கரங்களில் மாறி மாறிப் போயிருந்தால்தான் எனக்குப் பயம். கார் வெள்ளத்தில் நின்றிருக்கலாம், சீல் வழியாகத் தண்ணீர் நுழைந்து கிரீஸைக் கெடுத்திருக்கலாம். அப்படியானால் பேரிங் சின்ன விஷயம், வயரிங்கும் மின்னணுப் பெட்டிகளும் துருப்பிடிக்கக் காத்திருக்கும். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், ஸ்டெப்னி வைக்கும் குழியில் சேற்றுக்கறை இருக்கிறதா பாருங்கள். வெள்ளம் இல்லையென்றால், அகல டயர், வெளியே துருத்திய அலாய் வீல், சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் தட்டு என்று முந்தைய உரிமையாளர் அழகு பார்த்திருக்கலாம். சக்கரம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறதோ அவ்வளவு நெம்பல் பேரிங் மேல் விழும்.

இன்னொன்று, அந்த மூன்று பேரிங்கும் உண்மையிலேயே போயிருந்ததா என்றும் யோசியுங்கள். மேடுபள்ளமாகத் தேய்ந்த டயர் கிட்டத்தட்ட அதே ஊளைச் சத்தம் போடும். சத்தத்தை மட்டும் கேட்டு பேரிங்கை மாற்றி, சத்தம் போகாமல் அடுத்ததை மாற்றி, கடைசியில் டயரை மாற்றியதும் அமைதியான வண்டிகள் உண்டு.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை அணைத்துவிடுங்கள் (விற்பவர் சத்தமாகப் பாட்டு போட்டால் இன்னும் உஷாராகுங்கள்). சத்தம் இன்ஜின் வேகத்தோடு ஏறாமல் வண்டி வேகத்தோடு ஏறினால் சக்கரப் பக்கம்தான் கோளாறு. வலது பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங். அப்புறம் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் பேரிங்கில்தான் என்று மெக்கானிக் சொன்னால் அதைச் சரிசெய்யாமல் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், முற்றினால் சக்கரமே கழன்றுவிடலாம்.

மூன்று பில்லும் ஒரே சக்கரத்துக்கு, ஒரே பட்டறையிலிருந்து என்றால் நான் அந்தக் காரை விடமாட்டேன். ஹப் கோணாமல் சுழல்கிறதா என்று டயல் கேஜில் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) பார்த்து, தேவைப்பட்டால் நக்கிளோடு சேர்த்து மாற்றுகிற செலவைக் கேட்டு வாங்கி, அதை விலையில் கழித்துப் பேசுவேன். எந்தச் சக்கரம், எத்தனை கிலோமீட்டரில் என்று பில்லிலும் இல்லை, விற்பவரும் வாயைத் திறக்கவில்லை என்றால் வேறு கார் பார்க்கக் கிளம்பிவிடுவேன்.