எடுக்க வேண்டுமா, விட்டுவைக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் முடிந்து, "இது புற்றுநோய் இல்லை" என்று மருத்துவர் சொன்ன பிறகு வரும் நாட்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தச் சொல்லோடு கவலை தீர்ந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அறுவை மருத்துவராக நான் பார்த்த வரையில், நல்ல செய்தியைக் கேட்ட அதே நாற்காலியை விட்டு எழுவதற்குள், "அப்படியானால் இதை எடுத்துவிட வேண்டுமா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது.

15 முதல் 35 வயதுக்குள் தென்படும் இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை ஃபைப்ரோஅடினோமா எனப்படுபவை. பால் சுரப்பித் திசுவும் அதைச் சூழ்ந்த நார்த்திசுவும் சேர்ந்து வளர்வதால் உண்டாகும் இவை, விரலால் தொட்டால் துணிக்கடியில் கிடக்கும் கோலிக்குண்டு போல வழுக்கி நகரும். கர்ப்ப காலத்தில் பெரிதாவதும், மாதவிடாய் நின்ற பின் சுருங்குவதும் உண்டு. சாதாரண ஃபைப்ரோஅடினோமா புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது.

ஆனால் விரலை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. கையால் சோதித்தது, ஸ்கேனில் கண்டது, தேவைப்படும்போது ஊசியால் எடுத்த திசு காட்டியது ஆகிய மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்; ஒன்று முரண்பட்டாலும் கட்டியை எடுத்து முழுமையாகச் சோதிப்பதே பாதுகாப்பு. ஊசி பட்டால் கட்டி கெட்டுப்போகும் என்ற பேச்சை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களை இன்றும் பார்க்கிறேன். அதில் உண்மை இல்லை.

கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, சில மாதங்களிலேயே வேகமாக வளர்ந்தாலோ எடுத்துவிடுமாறு பெரும்பாலும் சொல்வோம். கட்டாயம் எடுத்துவிட வேண்டிய ஃபைலோட்ஸ் என்ற வேறொரு வகைக் கட்டி தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும் என்பதும், ஊசியில் வரும் சிறு துணுக்கை வைத்து இரண்டையும் எப்போதும் பிரித்தறிய முடியாது என்பதும்தான் காரணம்.

சிக்கல் இந்த இரண்டிலும் சேராதவர்களுக்குத்தான். 1.8 சென்டிமீட்டர் கட்டியோடு ஓர் இளம்பெண் வந்தார். உடன் வந்த உறவினர்கள்தான் பேசினார்கள். அவர் அறிக்கைத் தாளின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர்களை வெளியே இருக்கச் சொன்ன பிறகு, "தினமும் குளிக்கும்போது அழுத்திப் பார்க்கிறேன், டாக்டர். அங்கேயே இருக்கிறது" என்றார். மருத்துவக் கணக்குப்படி அந்தக் கட்டியை விட்டுவைத்திருக்கலாம். முன்பெல்லாம் அப்படிச் சொல்லி அனுப்பியும் இருக்கிறேன். ஓராண்டாகத் தூக்கத்தைக் கெடுக்கும் அச்சத்தையும் ஒரு காரணமாகவே இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

ஆயினும் எடுப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அவரிடம் மறைக்கவில்லை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பக்கூடிய சிறிய அறுவைதான். ஆனால் தழும்பு இருக்கும். எடுத்த இடத்தில் சிறு பள்ளம் விழலாம். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரமாகக் கீறினால் தழும்பு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் உணர்ச்சி குறையவோ, பால் நாளங்கள் பாதிக்கப்படவோ வாய்ப்புண்டு. வேறோர் இடத்தில் புதிய கட்டி வராது என்ற உறுதியையும் எந்த அறுவையும் தராது. இரு மார்பிலுமாக நான்கைந்து கட்டிகள் இருப்பவரிடம் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சில இடங்களில், ஸ்கேன் பார்த்தபடியே தடித்த ஊசி வழியாகச் சிறுகச் சிறுக உறிஞ்சி எடுக்கும் முறையும் உள்ளது. சிறிய கட்டிகளுக்கு அது பொருந்தும்.

விட்டுவைப்பது என்று முடிவு செய்தால், வழக்கமாக ஆறு மாதம் கழித்து மீண்டும் ஸ்கேன் பார்ப்போம். பழைய அறிக்கையைத் தவறாமல் கொண்டு வாருங்கள். மில்லிமீட்டர் அளவுகளை ஒப்பிட்டால்தான் கட்டி வளர்ந்ததா என்று சொல்ல முடியும். தோல் சுருங்கினாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். எடுத்துவிடுவது என்று முடிவு செய்தால், எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த அறிக்கையையும் வாங்கிப் பழையதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.