கார்டா ஏரியின் துறவிகள் தீவு

நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலியின் வடக்கே கார்டா என்று ஓர் ஏரி. 370 சதுர கிலோமீட்டர். அந்த நாட்டிலேயே பெரியது. அதன் மேற்குக் கரையோரம் ஒல்லியாக ஒரு தீவு கிடக்கிறது. நீளம் ஒரு கிலோமீட்டர், அகலம் பெரும்பாலும் 60 மீட்டர்தான். இன்று அது ஒரு குடும்பத்தின் சொத்து. ஆனால் அதற்கு வெகுகாலம் வழங்கிய பெயர் 'துறவிகள் தீவு'. அந்தப் பெயர்தான் எனக்குப் பிடித்தது.

879-இல் கார்லோமான் மன்னர் இதை வெரோனாவின் சான் செனோ மடத்துக்குக் கொடுத்தார். பிறகு 1220-ஐ ஒட்டி அசிசியின் புனித பிரான்சிஸ் வந்து சிறு ஆசிரமம் அமைத்ததாக மரபு. 15-ஆம் நூற்றாண்டில் சியன்னாவின் பெர்னார்தீனோ என்ற துறவி அதைப் பெரிய மடமாக்கினார். அப்புறம் அங்கே தத்துவமும் இறையியலும் கற்பிக்கும் பள்ளி கூட நடந்தது.

இங்கே எலுமிச்சையைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. நம் வீட்டுக் கொல்லையில் தானாகக் காய்க்கும் எலுமிச்சைக்கு நெருங்கிய உறவுதான். ஆல்ப்ஸ் மலையடிவாரக் குளிரில் அது தாங்குமா? தாங்காது. அதனால் கல்தூண்களை வரிசையாக நட்டு, பனிக்காலத்தில் பலகையாலும் கண்ணாடியாலும் மூடி வளர்த்தார்கள். இந்த ஏரிக்கரைக்கு எலுமிச்சையைக் கொண்டுவந்தவர்கள் அந்தப் புனித பிரான்சிஸின் வழிவந்த பிரான்சிஸ்கன் துறவிகள் என்றே அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். அதே கரையில், கார்ஞானோவில், அவர்களுடைய மடம் ஒன்று இருக்கிறது. அதன் முற்றத்துத் தூண்களின் உச்சியில் இலையும் பழமுமாக எலுமிச்சை செதுக்கியிருக்கிறார்கள். கல்லில், நேயர்களே! சாமிக்குப் பக்கத்திலேயே எலுமிச்சைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பிழைக்கவைக்க எவ்வளவு பாடுபட்டிருந்தால் அப்படிச் செதுக்கத் தோன்றும்!

சரி, தீவுக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெப்போலியன் காலத்தில் மடம் மூடப்பட்டது. அதிலிருந்து தீவு ஆள் மாற, பெயரும் மாறியது. 1817-இல் லெக்கி பிரபு வாங்கினார், லெக்கி தீவு ஆனது. பிறகு தே ஃபெராரி குடும்பம் வந்தது. 1890-க்கும் 1903-க்கும் இடையே இன்றுள்ள வெனிஸ் பாணி மாளிகையைக் கட்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள் மகளை மணந்தவர் இளவரசர் ஷிப்பியோனே போர்கேசே. 1907-இல் பீக்கிங்கிலிருந்து, அதாவது இன்றைய பெய்ஜிங்கிலிருந்து, பாரிஸ் வரை நடந்த கார் பந்தயத்தில் வென்றாரே, அவரேதான். அந்தப் பயணத்தையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. அவருடைய மகள் வழியாகத் தீவு கவாட்சா குடும்பத்துக்கு வந்தது. இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது. கோடையில் படகில் போனால், வழிகாட்டியோடு தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம். வணக்கம்.