பழைய வாத்தியங்களுக்குப் புதிய அரங்கம்: ஓர் இசைக்குழுவின் பருவ அறிவிப்பை வாசிப்பது

(திரையில்: புதுச்சேரி கடற்கரைச் சாலை. பிறகு, பாரிஸ் நகருக்கு மேற்கே சேன் நதியில் உள்ள செகன் தீவின் வரைபடம்.)

வணக்கம். ஐரோப்பிய இசைக்குழுக்கள், செப்டம்பர் வாக்கில் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூன் வாக்கில் முடியும் தங்கள் கச்சேரிப் பருவத்தின் நிகழ்ச்சி நிரலை, அந்தப் பருவம் பிறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வெளியிட்டுவிடும். நம்முடைய மார்கழி சீசனைப் போல அது ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடுவதில்லை. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் புதுச்சேரியில் ஏராளம் என்பதால், அங்கே போகும்போது ஒரு கச்சேரியாவது கேட்டு வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும், இங்கிருந்தே இணையத்தில் கேட்பவர்களுக்கும் அந்த நிரலை எப்படி வாசிப்பது என்று விளக்குவதே இந்த வீடியோவின் நோக்கம். அதிலும், பழங்கால வாத்தியங்களைக் கொண்டு வாசிக்கும் ஓர் இசைக்குழு ஒரு புதிய அரங்கத்தோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறது என்ற அறிவிப்பைப் பார்த்தால் அதை ஏன் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசப் போகிறோம்.

பாக், மொசார்ட், பேத்தோவன் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் இசையை, அவர்கள் காலத்து வாத்தியங்களிலோ அவற்றைப் பார்த்து அப்படியே செய்யப்பட்ட வாத்தியங்களிலோ வாசிக்கும் குழுக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பெருகின. வியன்னாவில் 1953-இல் நிக்கோலஸ் ஹார்னன்கோர்ட் தொடங்கிய கான்சென்டஸ் மியூசிகஸ் இதில் முன்னோடி. லண்டனில் 1972-இல் டிரெவர் பின்னாக்கும், 1973-இல் கிறிஸ்டோபர் ஹாக்வுட்டும் தனித்தனிக் குழுக்களை அமைத்தார்கள். 1979-இல் வில்லியம் கிறிஸ்டி பிரான்சில் 'லே ஸார் ஃப்ளோரிஸான்' குழுவைத் தொடங்கினார். பழையது என்பதற்காகவே பழையதைப் போற்றும் வேலையாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் இசையமைப்பாளர் எந்த ஒலியைக் காதில் வைத்துக்கொண்டு எழுதினாரோ, அந்த ஒலி கிடைத்தால்தான் அவர் எழுதியதன் காரணம் பல இடங்களில் புரிகிறது என்பதே இவர்கள் வாதம்.

(திரையில்: இரண்டு வயலின்கள், இரண்டு வில்கள், அருகருகே.)

வயலினிலிருந்தே தொடங்கலாம். இன்றைய வயலினில் இருப்பவை உலோகக் கம்பிகளும் செயற்கை இழைக் கம்பிகளும். பதினெட்டாம் நூற்றாண்டு வயலினில் இருந்தவை ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த நரம்புகள். இவற்றின் இழுவிசை குறைவு. ஒலி உரக்க எழாது. ஆனால் வில் நரம்பைத் தொடும் அந்தக் கணத்தில் சற்றுக் கரகரப்போடு எழும் தொடக்கம், பேச்சில் மெய்யெழுத்து விழுவது போலத் தெளிவாகக் கேட்கும். வில்லும் வேறு. பாரிஸில் ஃப்ரான்சுவா துர்த் என்பவர் 1780-களில் வடிவமைத்த வில்தான் இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது. நம் கர்நாடக வயலின் வித்வான்களின் கையில் இருப்பதும் அந்த வகைதான். அதற்கு முந்தைய வில் பெரும்பாலும் நீளம் குறைந்தது, வெளிப்புறமாக வளைந்தது, நுனியை நோக்கி எடை குறைந்துகொண்டே போவது. ஆகவே அதில் இழுக்கும் ஸ்வரம் தானாகவே தேய்ந்து முடியும். ஒரே அழுத்தத்தோடு நீளமாக இழுத்துப் பிடிப்பது அதன் இயல்பு அல்ல.

ஹார்ன் எனும் கொம்பு வாத்தியத்துக்கு அப்போது வால்வு, அதாவது ஸ்வரத்தை மாற்ற விரலால் அழுத்தும் அமைப்பு, கிடையாது. அது வந்தது 1810-களில்தான். அதற்கு முன் வாசித்தவர், கொம்பின் வாய்க்குள் கையை நுழைத்து, அடைத்தும் திறந்தும் இடைப்பட்ட ஸ்வரங்களைப் பிறப்பித்தார். அப்படி அடைத்து எழும் ஸ்வரம் மூக்கடைத்தது போல ஒலிக்கும். திறந்து எழும் ஸ்வரம் பளிச்சென்று வரும். மொசார்ட் இந்த வேறுபாட்டை அறிந்தே எழுதினார். வால்வு வைத்த ஹார்னில் எல்லா ஸ்வரமும் ஒரே வண்ணத்தில் வந்துவிடுவதால் அந்த விளையாட்டு மறைந்துபோகிறது.

ஸ்ருதியும் வேறு. இன்று உலகம் முழுவதும் 'ஏ' என்ற ஸ்வரத்தை நொடிக்கு 440 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்கிறார்கள். நம் ஹார்மோனியக் கணக்கில் அது ஆறு கட்டை. பாக் காலத்து இசைக்கு இந்தக் குழுக்கள் பெரும்பாலும் 415 என்று வைத்துக்கொள்கின்றன. அதாவது அரைக் கட்டை இறக்கம். மொசார்ட், பேத்தோவன் இசைக்கு 430. பழைய பிரெஞ்சு இசைக்கு 392 வரை இறங்குவதும் உண்டு. அது ஏறக்குறைய முழுக் கட்டை. எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த தேவாலயத்தில் என்பதைப் பொறுத்து ஸ்ருதி மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆகையால் 415 என்பதை வரலாற்று உண்மை என்பதைவிட, இன்றைய கலைஞர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் உடன்பாடு என்று சொல்வதே நேர்மை.

(திரையில்: செவ்வக அறை ஒன்றின் தரைப்படம்.)

இவை அனைத்தும் சேர்ந்தால் கிடைப்பது, இன்றைய இசைக்குழுவைவிட மென்மையான, ஆனால் உள் விவரம் மிகுந்த ஒலி. அந்த ஒலி எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வியில்தான் அரங்கம் உள்ளே வருகிறது. பேத்தோவனின் மூன்றாவது சிம்பனி 1804-இல் வியன்னாவில் லோப்கோவிட்ஸ் பிரபுவின் மாளிகையில் முதலில் வாசித்துப் பார்க்கப்பட்டது. அந்த அறை இன்றும் இருக்கிறது. அதன் அளவு ஏறத்தாழ 16 மீட்டருக்கு 7 மீட்டர். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்கூட அதைவிடப் பெரியது. அந்த இடத்துக்குள் சுமார் முப்பது கலைஞர்கள் உட்கார்ந்து, முதல் இரண்டு அடிகளைப் பளீரென்று அடித்தபோது கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை, இரண்டாயிரம் இருக்கை கொண்ட அரங்கத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து யாரும் ஊகித்துவிட முடியாது.

ஹாண்டெல் என்ற இசையமைப்பாளர் பாடகர் குழுவுக்கும் இசைக்குழுவுக்கும் எழுதிய 'மெசையா' 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில் ஒரு சிறிய இசைக்கூடத்தில் அரங்கேறியது. கூட்டம் அதிகம் வரும் என்பதால், பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் இடுப்பில் வாள் இல்லாமலும் வருமாறு முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். இடம் மிச்சமாகி இன்னும் பலர் உட்காரலாம் என்பதற்காக. அதே 1742-இல்தான் டூப்ளே புதுச்சேரிக்கு ஆளுநராக வந்து சேர்ந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தக் குழுக்கள் திரும்பப் பிடிக்க முயலும் ஒலி, பிள்ளையவர்கள் காலத்து ஐரோப்பாவின் ஒலி.

பிறகு அரங்கங்கள் வளர்ந்தன. வியன்னாவின் மியூசிக்ஃபெரைன் 1870-இல் சுமார் 1,700 இருக்கைகளோடும், லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் 1871-இல் அதைவிடப் பல மடங்கு பெரிதாகவும் திறக்கப்பட்டன. பெரிய இடத்தை நிரப்ப வாத்தியங்களும் மாறின; கம்பிகள் இறுகின, புல்லாங்குழல் உலோகமாயிற்று, வயலின்களின் எண்ணிக்கை கூடியது. ஓர் அறையில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பதைக் கணக்கிடும் வழியை வாலஸ் சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1895-க்குப் பிறகு கண்டுபிடித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை என்ற புகாரை ஆராய, பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, ஆர்கன் குழாய் ஒன்றை ஒலித்து நிறுத்தி, ஒலி தேய எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். அறையின் கொள்ளளவு கூடினால் ஒலி நீடிக்கும். மெத்தையும் மனித உடலும் அதை உறிஞ்சும். இன்றைக்கும் அரங்க வடிவமைப்பின் அடிப்படை அந்தக் கணக்குத்தான்.

இனி செகன் தீவுக்கு வருவோம். ரெனோ கார் தொழிற்சாலை 1992 வரை இயங்கிய அந்தத் தீவில், ஷிகெரு பான் என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞரும் ழான் த காஸ்தீனும் வடிவமைத்த 'லா சேன் மியூசிகால்' வளாகம் 2017 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்குள், மரத்தால் அமைந்த முட்டை வடிவக் கூட்டுக்குள், சுமார் 1,150 இருக்கைகள் கொண்ட இசையரங்கம் இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத இசைக்கென்றே கட்டியது. லோரான்ஸ் எக்கில்பே 2012-இல் தொடங்கிய இன்சுலா இசைக்குழு, பழங்கால வாத்தியங்களில் வாசிக்கும் குழு. திறப்பு முதலே அங்கே நிலையாகத் தங்கி இயங்குகிறது. ஒரு தொழிற்சாலைத் தீவில் குடல் நரம்பு வயலின்கள் குடியேறியிருப்பதை நான் ரசிக்கிறேன்.

இப்படிப்பட்ட கூட்டால் குழுவுக்கு என்ன லாபம்? வாடகைக்கு எடுத்த அரங்கத்தில், கச்சேரி நடக்கும் அன்று மதியம்தான் மேடை ஏறிப் பார்க்க நேரம் கிடைக்கும். நிலையான அரங்கம் அமைந்தால் ஒத்திகையை அதே மேடையில் நாள் கணக்கில் நடத்தலாம். வயலின் குடும்பத்திலேயே பெரிய, மிகத் தாழ்ந்த ஒலி தரும் டபுள் பாஸை எங்கே நிறுத்தினால் தரை அதிர்ந்து துணை செய்கிறது, ஹார்னைச் சுவருக்கு அருகில் வைத்தால் மற்றவற்றை மூடிவிடுகிறதா என்பதையெல்லாம் காதால் கேட்டு மாற்றலாம். குடல் நரம்பு ஈரக் காற்றில் ஸ்ருதி விலகும். மிருதங்கத்தைக் கச்சேரிக்கு நடுவே தட்டிச் சரிசெய்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்கு இடைவேளையில்கூட ஸ்ருதி சேர்ப்பது வழக்கம். குளிர்சாதனமும் ஈரப்பதமும் ஒரே நிலையில் இருக்கும் இடம் கிடைப்பது இவர்களுக்குப் பெரிய வசதி. அரங்கத்துக்கும் தனக்கென்று ஓர் இசைக்குழு இருக்கும் அடையாளம் கிடைக்கிறது. பதிலுக்கு அந்தக் குழு பள்ளிகளுக்கும் சுற்று வட்டாரத்துக்கும் நிகழ்ச்சிகள் செய்து தரும்.

எல்லாக் கூட்டும் அரங்கத்தோடுதான் அமைய வேண்டும் என்பதில்லை. லண்டனில் 1986-இல் வாசிப்பவர்களே சேர்ந்து தொடங்கி, மேடையில் கையசைத்துக் குழுவை வழிநடத்தும் நிரந்தர நடத்துநர் இல்லாமல் இயங்கும் 'ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் தி ஏஜ் ஆஃப் என்லைட்டன்மென்ட்', 2020-இல் தன் அலுவலகத்தையும் ஒத்திகையையும் ஓர் அரசுப் பள்ளிக்குள் மாற்றிக்கொண்டது. கச்சேரி பெரிய அரங்கத்தில், அன்றாட வேலை பள்ளிக்கூடத்தில். எனக்கு இந்த ஏற்பாடு இன்னும் துணிச்சலானதாகத் தோன்றுகிறது.

ஆகவே பருவ நிரல் கையில் கிடைத்தால், பிரபலமான பெயர்களைத் தேடுவதற்கு முன், எந்தப் படைப்பு எந்த அரங்கத்தில் என்று பாருங்கள். எழுபது பேர் வாசிக்கும் பெர்லியோஸ் சிம்பனியையும் பன்னிரண்டு பேர் வாசிக்கும் பாக் கச்சேரியையும் ஒரே அரங்கத்தில் போட்டிருந்தால், இரண்டில் ஒன்று சங்கடப்படும். ஒரே நிகழ்ச்சி அடுத்தடுத்த நாள்களில் வெவ்வேறு ஊர்களில் நடக்கிறதா என்பதையும் கவனியுங்கள். நடந்தால், சொந்த அரங்கத்தில் நடக்கும் கச்சேரிக்கு டிக்கெட் எடுப்பது நல்லது. ஈஸ்டருக்கு முன், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் பாஷன்களும் கிறிஸ்துமஸையொட்டி 'மெசையா'வும் பல ஊர்களில் இருக்கும், சீக்கிரம் விற்றும் போகும்.

புதுச்சேரியில் இவர்கள் வாசிப்பதாக இருந்தால் எங்கே வாசிக்கலாம் என்ற கேள்வி எழுவது இயல்பு. கம்பன் கலையரங்கம் மைக் வைத்த நிகழ்ச்சிகளுக்கு உரிய இடம். சம்பா கோயில் போன்ற உயர்ந்த கூரை கொண்ட தேவாலயங்களில் ஒலி நெடுநேரம் தங்குவதால் பாடகர் குழுவுக்கு அழகாக அமையும்; வேகமான வயலின் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பும். பிரெஞ்சுப் பகுதியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் உயர்ந்த கூரையும் கொண்ட நீண்ட கூடங்கள் உண்டு. ஒரு ஹார்ப்சிகார்டு, இரண்டு வயலின், ஒரு செல்லோ என்றால் என் தேர்வு அதுதான். ஆனால் கடல் காற்றில் நரம்புகள் படும் பாட்டுக்கு வாசிப்பவர்கள் தயாராக வர வேண்டும்.

வீட்டிலிருந்து கேட்பவர்களுக்கு: ஆர்த்தே கான்செர்ட் தளம் பல கச்சேரிகளை இலவசமாகத் தருகிறது, ஃப்ரான்ஸ் மியூசிக் வானொலியும் கச்சேரிகளை ஒலிபரப்புகிறது. பாரிஸில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் நேரலை, அவர்கள் கோடை நேரக் கணக்கில் நமக்கு இரவு 11.30, குளிர்கால நேரக் கணக்கில் நள்ளிரவு தாண்டி 12.30. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் செல்லோவும் டபுள் பாஸும் ஏறக்குறைய காணாமல் போய்விடும். ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள், ஒலியளவை வழக்கத்தைவிடச் சற்றே குறைத்து வையுங்கள்.