பூஞ்சைத் தொற்றுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை எப்போது தேவை?

[காட்சி: முன்கையில் வட்டமான ஒரு படை. ஓரம் சிவந்து தடித்திருக்கிறது, நடுப்பகுதி தெளிந்திருக்கிறது.]

திரையில் நீங்கள் பார்ப்பது படர்தாமரை. இதை உண்டாக்கும் பூஞ்சைகள் தோல், முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று, நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பரவுகின்றன. அதனால்தான் ஓரத்தில் செதில் உதிர்ந்துகொண்டிருக்க, நடுப்பகுதி ஆறிவிட்டதுபோலத் தோன்றுகிறது. இது யாருக்கும் வரக்கூடியது. படர்தாமரை வந்த ஒரே காரணத்தால் எச்.ஐ.வி. இருக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்த அச்சத்தில் நோயை மறைத்துக் காலம் கடத்துவோர் உண்டு என்பதால், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

[காட்சி: படையின் ஓரத்தைச் சுரண்டும் கை.]

நோயை உறுதிசெய்யும் முறை எளியது. செதிலைப் படையின் ஓரத்திலிருந்துதான் சுரண்டி எடுக்க வேண்டும். நடுவில் சுரண்டினால் பூஞ்சை சிக்காமல் போகலாம். அதை ஸ்லைடில் வைத்து, 10 முதல் 20 விழுக்காடு வரையிலான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விட்டுச் சற்றுப் பொறுத்தால், தோல் செல்கள் கரைந்து தெளிய, அவற்றினூடே குறுக்குச் சுவர்களுடன் கிளைத்தோடும் பூஞ்சை இழைகள் நுண்ணோக்கியில் தெரியும்.

சிறிய படைக்கு டெர்பினாஃபின் அல்லது க்ளோட்ரிமசோல் களிம்பு போதும். பரவலான தொற்றுக்கும், தலையிலோ நகத்திலோ வரும் தொற்றுக்கும் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் நீங்களாகப் பூசிக்கொள்ளாதீர்கள். அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். ஆனால் பூஞ்சை தடையின்றிப் பரவி, மருத்துவரே அடையாளம் காணத் தடுமாறும் அளவுக்குப் படையின் உருவம் மாறிவிடும்.

[காட்சி: நாக்கு, பிறகு கால் பெருவிரல் நகம்.]

எச்.ஐ.வி. பரிசோதனையை நினைவூட்ட வேண்டிய அறிகுறிகள் வேறு. வாயில் படியும் வெண்படலத்தைச் சுரண்டினால் பெயர்ந்து வந்து, அடியில் சிவந்த பரப்பு தெரிந்தால், அது பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. நீரிழிவு, பல்செட், ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு இன்ஹேலர் போன்ற காரணம் எதுவுமில்லாத பெரியவருக்கு இது வந்தால், பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. விழுங்கும்போது வலித்தால், தொற்று உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அதற்கு ஃப்ளுகோனசோல் 14 முதல் 21 நாட்கள் வரை தேவைப்படும். நகப் பூஞ்சை வழக்கமாக நுனியிலோ பக்கவாட்டிலோ தொடங்கும். நகத்தின் வேர்ப்பகுதியிலிருந்து வெண்மை கிளம்பினால், அதுவும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

நான் மிகவும் கவலையோடு சொல்ல விரும்புவது, முகத்தில் தோன்றும் நடுவில் குழிந்த சிறு பருக்களைப் பற்றி. இவை தீங்கற்ற வைரஸ் மருக்களைப் போலவே இருக்கும். ஆனால் சிடி4 எண்ணிக்கை, அதாவது எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் எண்ணிக்கை, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 100-க்கும் கீழே இறங்கிய ஒருவருக்கு, இரத்தத்தில் பரவிய கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் இதே உருவில் வெளிப்படலாம். கூடவே காய்ச்சலும் தலைவலியும் இருந்தால், அது மூளைக்காய்ச்சலாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே இரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் (அந்தப் பூஞ்சையின் கூறு) இருக்கிறதா என்ற பரிசோதனையும், முதுகுத் தண்டுவட நீர்ப் பரிசோதனையும் செய்யப்படும்.

எச்.ஐ.வி. உறுதியானால் சிடி4 எவ்வளவு இருந்தாலும் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015 முதல் பரிந்துரைக்கிறது. அந்தச் சிகிச்சை இல்லாமல் பூஞ்சைக்கு மட்டும் மருந்து கொடுத்தால், தொற்று திரும்பத் திரும்ப வரும். ஆயினும் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் மட்டும் பூஞ்சைக்கான மருந்தை முதலில் தொடங்கி, எச்.ஐ.வி. மருந்துக்கு 4 முதல் 6 வாரங்கள் காத்திருக்கிறார்கள். ஏனெனில் எச்.ஐ.வி. மருந்தால் திடீரென மீளும் எதிர்ப்பாற்றல், மூளையில் மிச்சமுள்ள பூஞ்சையின்மீது பாய்ந்து ஏற்படுத்தும் அழற்சியே உயிரைப் பறிக்கக்கூடும். எச்.ஐ.வி. மருந்து உட்கொள்பவர்கள், பூஞ்சைக்கான மருந்தான இட்ராகனசோலை எழுதித் தரும் மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். ரிட்டோனாவிர் போன்ற எச்.ஐ.வி. மருந்துகள் உடலில் இட்ராகனசோலின் அளவை உயர்த்திவிடும்.